வயசுக்கு இது நார்மல்

போன மாசம் நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தேன். வலி எதுவும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். கரோனரி கால்சியம் ஸ்கேன் என்று பெயர். ஊசி கிடையாது, மருந்து ஏற்றுவது கிடையாது. படுத்துக்கொண்டு, சொல்லும்போது மூச்சைப் பிடித்தால் போதும், சீக்கிரமே எழுந்து வந்துவிடலாம். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களின் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பார்த்து ஓர் எண் கொடுப்பார்கள். ஆர்தர் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க இதய மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1990-இல் சொன்ன கணக்கு அது. 0 என்றால் சுண்ணாம்பு எதுவும் தெரியவில்லை. 100-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 400-ஐத் தாண்டினால் நிறையவே இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு 22.

"உங்க வயசுக்கு இது நார்மல் சார்" என்றார் டாக்டர். கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்தார், தினமும் நடக்கச் சொன்னார். அவர் சொன்னது சரியான ஆலோசனைதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு 56 வயசு. என் அப்பா 58-இல் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐந்தாவது மாசம், காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்: "என்ன பண்றது, வயசாச்சுல்ல."

வயசுக்கு நார்மல் என்றால், யாருடைய வயசுக்கு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் கீழே. நான் மருத்துவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அட்டவணை யாருடையது?

முதலில் 'நார்மல்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். கால்சியம் எண்ணை வயசோடு ஒப்பிட மருத்துவர்கள் அதிகமாகப் பயன்படுத்துவது 'மெசா' என்ற அமெரிக்க ஆய்வின் அட்டவணை. 2000-இல் தொடங்கிய ஆய்வு. 45 முதல் 84 வயது வரையிலான 6,814 பேர். வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று நான்கு பிரிவுகள். நம்மைப் போன்ற தெற்காசியர்கள் அதில் கிடையாது. (நமக்கென்று 'மசாலா' என்ற பெயரில் தனி ஆய்வு அமெரிக்காவிலேயே பிற்பாடு தொடங்கினார்கள். பெயர் சுருக்கம்தான், கிண்டல் இல்லை!)

மெசாவில் இருந்த வெள்ளை ஆண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குக் குழாயில் சுண்ணாம்பு இருந்தது. அவர்கள் மத்தியில் என் 22-ஐ வைத்துப் பார்த்தால் நான் வரிசையின் நடுவில் நிற்கிறேன். அதனால்தான் நார்மல். அதாவது, கார் ஓட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கடையில் வாங்கித் தின்று வாழும் ஒரு சமூகத்தில் என் வயசுக்காரர்களில் பாதிப் பேர் என்னை மாதிரி, மீதிப் பேர் என்னைவிட மோசம். இது சராசரி. ஆரோக்கியம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஊரில் எல்லோருக்கும் பல் சொத்தை என்றால் சொத்தைப் பல்தான் அங்கே நார்மல், இல்லையா?

சரி, ஒருவேளை மனுஷனாகப் பிறந்தால் வயசானதும் குழாய் இறுகத்தான் செய்யுமோ? நரைக்கிற மாதிரி?

மம்மிகள் சொன்ன பதில்

அப்படித்தான் போலிருக்கிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நாலு இடங்களைச் சேர்ந்த 137 மம்மிகளை சிடி ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். பழைய எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் பழைய பியூப்ளோ மக்கள், அலூஷியன் தீவுகளின் உனங்கன் வேட்டைக்காரர்கள். 47 பேரின் குழாய்களில், அதாவது 34 சதவீதம் பேரிடம், இறுகல் இருந்ததற்கு அடையாளம் தெரிந்தது. அவர்களெல்லாம் கிழவர்கள்கூட இல்லை. இறுகல் இருந்தவர்கள் சராசரியாக 43 வயதில் இறந்தவர்கள்.

பர்கர் இல்லை, சிகரெட் இல்லை, லிஃப்ட் இல்லை. இருந்தும் வந்திருக்கிறது. பயிர் செய்தவர்களுக்கும் வந்திருக்கிறது, கடல் விலங்குகளை வேட்டையாடித் தின்றவர்களுக்கும் வந்திருக்கிறது. ஆக, இது மனித முதுமையோடு கூடவே பிறந்த வியாதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதை விஞ்ஞானமும் சொன்ன மாதிரிதான்.

ஆனால் மம்மிகளிடம் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நடந்தார்கள், எவ்வளவு அடுப்புப் புகையை மூச்சில் இழுத்தார்கள், ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று கேட்க முடியாது. கேட்கக்கூடிய மனிதர்கள் வேண்டும். மம்மி ஆய்வில் இருந்த சிலரே அடுத்த ஆய்விலும் கைகோத்தார்கள்.

மனிகி ஆற்றங்கரை

தென் அமெரிக்காவில் பொலிவியாவின் தாழ்நிலக் காடுகளில் சிமானே என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். மனிகி ஆற்றை ஒட்டியும் சுற்றியும் சிறுசிறு கிராமங்கள். நெல், வாழை, மரவள்ளி, சோளம் பயிரிடுகிறார்கள். ஆற்றில் மீன், காட்டில் வேட்டை. ஹில்லர்ட் காப்லன், மைக்கேல் குர்வன் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் 2002 முதல் அவர்களோடு ஒரு நீண்டகால ஆய்வை நடத்திவருகிறார்கள்.

2014-15-இல் 85 கிராமங்களிலிருந்து 40 முதல் 94 வயது வரையிலான 705 பேரை, ஆற்றிலும் மண்சாலையிலும் பயணம் செய்ய வைத்து, டிரினிடாட் என்ற பொலிவிய ஊருக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு எடுத்த அதே கால்சியம் ஸ்கேனை அவர்களுக்கும் எடுத்தார்கள். முடிவு 2017-இல் லான்செட்டில் வந்தது.

705 பேரில் 596 பேருக்கு எண் 0. அதாவது 85 சதவீதம். 100-ஐத் தாண்டியவர்கள் 20 பேர் மட்டும். 75 வயதைக் கடந்தவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சுண்ணாம்பு கிடையாது. அதுவரை எந்த மக்கள் கூட்டத்திலும் பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவு இது. 80 வயது சிமானே ஒருவரின் இதயக் குழாய், ஐம்பதுகளின் நடுவில் இருக்கும் ஓர் அமெரிக்கரின் குழாய்க்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் என்றால் யார்? நான்தான். அமெரிக்கர் இல்லை என்பதைத் தவிர, அவர்கள் அட்டவணையில் நடுவில் நிற்கும் ஆள். என் 56 வயது குழாயும் மனிகி ஆற்றங்கரையில் வலை வீசும் ஒரு 80 வயசுத் தாத்தாவின் குழாயும் ஒரே வயசு. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சிமானே மக்களுக்குத் தொற்றுநோய்கள் ஏராளம். குடலில் புழுக்கள், காசநோய், மூச்சு நோய்கள், சின்னக் குழந்தைகளின் சாவுகள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற அளவு பாதிப் பேருக்கு உயர்ந்தே இருந்தது. அழற்சி இருந்தும் குழாய் சுத்தமாக இருக்கிறதே, எப்படி?

சுவரில் ஏறும் ஓதம்

இங்கே ஒரு நிமிடம் குழாய்க்குள் போய்ப் பார்த்துவிடுவோம். மாரடைப்பு என்றதும் நம் மனசில் வருவது போர் தண்ணீர் போகும் பைப்பில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் படம். அது கொஞ்சம் தப்பான படம். குழாயின் உள்பக்கத்தில் படிவதில்லை, சுவருக்குள்ளேயே ஊறுகிறது. பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி.

ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள்கள் குழாயின் மெல்லிய உள்தோலைக் கடந்து சுவருக்குள் நுழைகின்றன. சில அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வருகின்றன, தின்று வீங்கி, அங்கேயே சாகின்றன. ஓதம் ஏறிய இடத்தில் பூச்சு உப்புகிற மாதிரி சுவர் தடிக்கிறது. பல வருஷம் கழித்து அந்தப் பழைய புண்ணில் சுண்ணாம்பு படிகிறது. ஸ்கேன் காட்டுவது அந்தத் தழும்பைத்தான். அதனால் 0 வந்தால்கூட ஒன்றுமே இல்லை என்று அர்த்தமாகாது. மெதுவான புண்கள் இருக்கலாம். மாரடைப்பு பெரும்பாலும் அப்படி ஒரு புண் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாயை அடைப்பதால் வருகிறது.

அப்பா காலையில் விழுந்தார். அதற்கான வேலை எப்போது ஆரம்பித்திருக்கும்? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மூன்று மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். சராசரி வயசு 22. அதில் 77 சதவீதம் பேரின் குழாய்களில் நோய்க்கான தடயம் அப்போதே இருந்தது. 22 வயதில்! மாரடைப்பு ஐம்பதில் வருகிறது, ஓதம் இருபதிலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது.

ஒரு பெருக்கல் கணக்கு

சிமானே மக்களின் சராசரி எல்டிஎல் 91. ரத்த அழுத்தம் 116/73. சர்க்கரை 79. எல்லாமே வருஷக்கணக்காக, மாத்திரை இல்லாமல்.

என் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்தேன். பத்து வருஷத்தில் எல்டிஎல் 130-ஐச் சுற்றியே இருந்திருக்கிறது. "பார்டர்லைன்" என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஃபைலை மூடி வைத்திருக்கிறேன். சுவருக்குள் எவ்வளவு ஊறும் என்பது எல்டிஎல் அளவையும் அது எத்தனை வருஷம் இருந்தது என்பதையும் பொறுத்தது என்று இதய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சும்மா பெருக்கிப் பார்த்தேன்.

சிமானே தாத்தா: 91 × 80 = 7,280.
நான்: 130 × 56 = 7,280.

சத்தியமாக நான் எண்களைத் திருத்தவில்லை. இவ்வளவு கச்சிதமாக வந்தது தற்செயல். பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் ஒரே அளவில் இருப்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாவற்றையும் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. ஆனால் இது காட்டும் திசை சரியானது. அதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது.

பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் பழுது உள்ள சிலருக்குப் பிறவியிலேயே எல்டிஎல் குறைவு. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் அப்படிப்பட்டவர்களை 15 வருஷம் கவனித்து 2006-இல் எழுதினார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம், அதாவது சுமார் 38 புள்ளி, குறைவு. இதயக்குழாய் நோய் வரும் வாய்ப்போ 88 சதவீதம் குறைவு. அந்த மரபணு இருந்தவர்கள் 85 பேர்தான் என்பதால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏறக்குறைய அதே 38 புள்ளியை நடுவயதில் மாத்திரையால் ஐந்து வருஷம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவது ஐந்தில் ஒரு பங்கு. குறைப்பு ஒன்றுதான், வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. ஒருவருக்குப் பிறந்ததிலிருந்து கிடைத்தது, இன்னொருவருக்கு ஐந்து வருஷம்.

சோறா, உழைப்பா?

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. அப்படி என்னதான் சாப்பிடுகிறார்கள்?

நம் ஊர் டயட் சண்டைகளில் இருப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். சிமானே உணவில் 72 சதவீதம் மாவுச்சத்து. சோறு, வாழை, மரவள்ளி, சோளம். புரதம் 14, கொழுப்பு 14. அதிலும் நிறைகொழுப்பு நாளைக்கு 11 கிராம்தான். சோறுதான் விஷம் என்று சொல்பவர்களுக்கு இது சங்கடமான எண்.

"அப்போ நானும் மூணு வேளை சோறு சாப்பிடலாமா?" என்றால், அடுத்த எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். ஆண்கள் நாளுக்கு 6-7 மணி நேரம், பெண்கள் 4-6 மணி நேரம் உடம்பு அசையும் வேலையில் இருக்கிறார்கள். பகலில் சும்மா இருப்பது பத்தில் ஒரு பங்குதான். தொழில்மயமான நாடுகளில் அது பாதிக்கும் மேல். அந்த மாவுச்சத்து போய்ச் சேர இடம் இருக்கிறது. நான் தின்னும் சோற்றுக்கு நாற்காலிதான் இருக்கிறது. போதாததற்கு, சிமானே மக்களிடம் சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, சிகரெட் மிகக் குறைவு.

இதில் எது காரணம் என்று சிமானே ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மூட்டையாக வருகிறது. குடற்புழுக்கள்கூடக் கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் பங்கு வகிக்கலாம் என்ற கருத்தும் உண்டு. மரபணுவாக இருக்குமோ என்றால், சாலையும் கடையும் வர வர, சர்க்கரையும் எண்ணெயும் உள்ளே நுழைய நுழைய, அதே மக்களின் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது.

உழைப்பை மட்டும் பிரித்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்பவர் 1953-இல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஒரே தெருக்கள். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் தாமதமாக வந்தது. பிற்பாடு சீருடை அளவுகளைப் பார்த்தபோது ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்கள் என்று தெரிந்தது, அதையும் அவரே எழுதினார். அப்படியும் உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்கு நல்லதல்ல என்பதை அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதி செய்துவிட்டன.

குழாய் இதயத்தோடு நிற்பதும் இல்லை. சிமானே மக்களின் மூளையை ஸ்கேன் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வயது ஏற ஏற மூளை சுருங்கும் வேகம் மேலை நாட்டவரைவிட மிகக் குறைவாக இருந்தது. 2022-இல் வந்த இன்னொன்றில், 60-ஐத் தாண்டியவர்களில் மறதி நோய் இருந்தவர்கள் சுமார் 1 சதவீதம்தான். முதுமை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எவ்வளவு நிஜமாகவே வயசு, எவ்வளவு குழாய் என்று யோசிக்க வைக்கிறது.

ஐம்பதில் திருந்தினால்?

சரி, காட்டுக்குப் போக முடியாது. போனாலும் நம் 56 வருஷம் நம்மோடுதான் வரும். இப்போது மாறினால் பலன் உண்டா?

பின்லாந்தின் கிழக்கில் வடக்கு கரேலியா என்ற மாகாணம். குளிர் பிரதேசம், மாடு வளர்ப்பவர்கள், மரம் வெட்டுபவர்கள். நாற்காலி ஆட்கள் இல்லை, நன்றாக உழைப்பவர்கள்தான். இருந்தும் 1970 வாக்கில் இதய நோயில் நடுவயது ஆண்கள் செத்துவிழுவது உலகத்திலேயே அங்கேதான் மிக அதிகம் என்று சொல்லப்பட்டது. ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், உப்பு. ஆண்களில் பாதிப் பேர் புகைப்பவர்கள். சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 260-க்கு மேல்.

1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெரிதாகப் புதிய மருந்து எதுவும் இல்லை. வீட்டுப் பெண்களின் சங்கங்களைப் பிடித்தார்கள், சமையலை மாற்றினார்கள். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், கொழுப்பு குறைந்த பால், காய்கறி, பெர்ரிப் பழங்கள். பால் பண்ணைக்காரர்கள் பிழைக்க வேண்டுமே என்று பெர்ரி சாகுபடிக்கும் வழி செய்தார்கள். நாற்பது வருஷத்தில் 35 முதல் 64 வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சிகிச்சை முன்னேறியதும் ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பங்கு கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை மூன்றும் இறங்கியதால் வந்தது.

அதில் பிழைத்தவர்கள் குழந்தைகள் இல்லை. நடுவயதுக்காரர்கள். என்னை மாதிரி. அதனால் மாத்திரையைப் போடுகிறேன் (சிமானே கதையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் 91-ல் வாழ்ந்தவர்கள், நாம் இல்லை). காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க உட்கார்ந்திருந்த பழக்கத்தை மாற்றி, மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து ஏதாவது செய்கிறேன். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, கொண்டைக்கடலையும் கீரையும் ஏறியிருக்கிறது. பெரிய தியாகம் எதுவும் இல்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நான் இல்லை.

மாரடைப்பு வந்தவர்களை வைத்து 52 நாடுகளில் செய்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயசு நடுமதிப்பாக 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. நமக்கு ஆறு வருஷம் முன்னாடியே வருகிறது. என் மகனுக்கு 26 வயசு. ஐடி வேலை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆர்டர் செய்து சாப்பாடு. போன தீபாவளிக்குக் கம்பெனியில் இலவசமாக எடுத்த டெஸ்டில் எல்டிஎல் 130. "பார்டர்லைன்தாம்பா, உங்க வயசு வரும்போது பாத்துக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் இதுவரை சேர்த்து வைத்திருப்பது, 130 × 26 என்று அதே அரைகுறைக் கணக்கின்படி, 3,380. இப்படியே போனால் என் 7,280-ஐ அவன் தொடுவது என் வயசில், 56-இல். இன்றைக்கே 90-க்கு இறக்கி அங்கேயே வைத்திருந்தால் 69-இல். நடுவில் இருப்பது பதின்மூன்று வருஷம். அப்பாவுக்கு அது கிடைத்திருந்தால் இவனை மடியில் வைத்திருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வருகிறான். கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன சொன்னான் என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இருபதுகளில் ஒருத்தர் இருந்தால், அவருடைய பழைய ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.